இங்கிலாந்தில் மனநலச் சிக்கலா? சோஷியல் வொர்க்கரிடம் தயங்காமல் பேசுங்கள்

வீட்டில் ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்தால் முதலில் ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம் போங்கள், சரி. ஆனால் மருந்தோடு எல்லாம் முடிந்துவிடாது. குளிப்பது, சமைப்பது, வெளியே போவது, பில் கட்டுவது என்று அன்றாடம் தடுமாறும் இடத்தில்தான் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) சோஷியல் வொர்க்கர், அதாவது சமூகப் பணியாளர் வருகிறார்.

2014 கேர் சட்டப்படி, உதவி தேவைப்படுகிறவர் போலத் தெரிந்தாலே அவருக்கு என்ன உதவி தேவை என்று கவுன்சில் மதிப்பீடு செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை, வருமானக் கணக்கெல்லாம் பிறகுதான். அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகனுக்கோ தனி மதிப்பீடும் உண்டு, இதை நம்மவர்கள் கேட்பதே இல்லை.

மதிப்பீட்டுக்காக சோஷியல் வொர்க்கரைப் பார்க்கும் அந்தச் சந்திப்புதான் முக்கியம். நாம் என்ன செய்வோம்? வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அவருக்கு நல்ல சட்டை போட்டுவிட்டு, "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்போம், அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மிக மோசமான நாள் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்பார்கள், அதிர்ச்சியடைய வேண்டாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்துப் பேசவே கூடாது, அப்பா அழுததை பத்து வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்வதா? தெரிந்தவர் யாராவது வந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தால், போனில் பேசும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவர்கள் தகவல் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் அம்மாவுக்கு மனச்சோர்வு என்பதற்காக மட்டும் பிரிப்பதில்லை. விசாவில் அரசு உதவிப்பணம் பெறக்கூடாது என்று போட்டிருந்தாலும் கவுன்சில் தரும் பராமரிப்பு அந்தப் பட்டியலில் வராது. விசா முடிந்தவர்கள், புகலிடம் மறுக்கப்பட்டவர்கள் மட்டும் முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நள்ளிரவில் நிலைமை கைமீறினால் அரசு மருத்துவ சேவையின் (NHS) உதவி எண்ணான 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள், மனநலக் குழு 24 மணி நேரமும் இருக்கும். உயிருக்கே ஆபத்து என்றால் யோசிக்காமல் அவசர எண் 999.