டிஸ்க் இருக்கு, விண்டோஸ்தான் ஏறவில்லை

பம்பலப்பிட்டியில் மதர்போர்டும் புரொசெசரும் வாங்கி, வெள்ளவத்தை வீட்டில் நானே மாட்டினேன். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி பழையதுதான். பவர் பட்டனை அழுத்தினால் விண்டோஸ் வராமல் நேரே பயோஸ் திரை, அதாவது போர்டின் அமைப்புத் திரை. சரி, விண்டோஸ் 11-ஐப் புதிதாகவே போடுவோம் என்று பென்டிரைவைச் செருகினேன். டிஸ்க்கைத் தேர்ந்ததும் மறுத்துவிட்டது: எம்பிஆர் டிஸ்க்காம், ஜிபிடிதான் வேண்டுமாம். இரண்டும் டிஸ்க்கைப் பகுதி பிரித்து வைக்கும் முறைகள், எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது. பழைய போர்டு கணினியைத் தொடக்கியது லெகசி என்ற பழைய முறையில், புதியது யூஈஎஃப்ஐ முறையில், அதற்குத்தான் ஜிபிடி.

அந்தத் திரையிலேயே ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைகளை அடிக்கும் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0 (0 என்பது எஸ்எஸ்டியின் இலக்கம்), கிளீன், கன்வர்ட் ஜிபிடி என்று ஒவ்வொன்றாக அடித்தேன். இந்த 'கிளீன்' ஒரு கேள்வியும் கேட்காது, தேர்ந்த டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் போய்விடும். அதனால் அக்காவின் கல்யாணப் படங்கள் இருந்த மற்ற டிஸ்க்கின் சாட்டா கேபிளை முதலே கழற்றி வைத்திருந்தேன். இலக்கம் மாறினால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

அப்புறம் விண்டோஸ் ஏறியது, இன்டர்நெட் வரவில்லை. லேன் டிரைவர், அதாவது கேபிள் இன்டர்நெட்டை இயக்கும் மென்பொருள், இல்லை. போனை யூஎஸ்பியில் செருகி, போனின் இன்டர்நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டு அதை இறக்கினேன்.

விண்டோஸ் உரிமத்தை உறுதி செய்யும் ஆக்டிவேஷன் போர்டோடு ஒட்டியது, போர்டு மாறியதால் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது தனியாக வாங்கிய விண்டோஸ் 10 ரீடெய்ல் கீ (உரிம எண்), 11-க்கும் அதுவே ஏற்றது. கணினியோடு வரும் ஓஈஎம் கீயைப் புதுப் போர்டுக்கு மாற்ற முடியாது.