பலகை நகர்ந்தால் பம்பைத் திட்டாதீர்கள்

ரவுட்டர் என்பது சுழலும் பிட்டால் பலகையை வெட்டும் மெஷின். காற்றை உறிஞ்சிப் பலகையை அதன் மேசையோடு பிடித்து வைப்பது வேக்குவம் பம்ப். ஓட்டத்தின் நடுவே பலகை நகர்ந்தால் எல்லோரும் முதலில் கைநீட்டுவது அந்தப் பம்பைத்தான். கோயம்புத்தூரில் மாடுலர் கிச்சன் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறேன். நான் பார்த்தவரை பம்ப் பெரும்பாலும் நிரபராதி.

சோதிப்பது சுலபம். மேசைக்குப் போகும் வால்வுகளை எல்லாம் மூடி, பம்ப் பக்கத்துக் கேஜைப் பாருங்கள். வாட்டர் ரிங் பம்ப் (உள்ளே சுழலும் தண்ணீர் வளையத்தால் காற்றை உறிஞ்சுவது) என்றால் முள் 600 மி.மீ. பாதரசத்தைத் தாண்ட வேண்டும். பார்த்ததும் வால்வைத் திறந்துவிடுங்கள், மூடியே ஓட்டினால் பம்புக்கு ஆகாது. முள் ஏறிவிட்டதா? கோளாறு மேசைப் பக்கம்.

ஏறவில்லை என்றால் முதலில் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தூள் மாவு மாதிரி அப்பியிருக்கும். அடுத்தது தண்ணீர். கோடையில் ஒரே தொட்டித் தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும். சூடு ஏற ஏற ஆவி கிளம்பி வேக்குவம் குறையும். தொட்டியைப் பெரிதாக்குங்கள், நிழலில் வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உள்ளே உப்புப் படிந்துவிடும். லைன்மேன் வந்து போன பிறகு தொடங்கிய கோளாறா? ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். டஸ்ட் கலெக்டரும் கூடவே தலைகீழாகச் சுற்றும். பிட்டைச் சுற்றும் ஸ்பிண்டில், ஃபேஸ் மாறினாலும் திசை மாறாத எலக்ட்ரானிக் டிரைவில் ஓடுவதால் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, மேசைக்கு வருவோம். மேசை தனித்தனி வால்வு உள்ள ஜோன்களாகப் பிரிந்திருக்கும். ஒரு ஜோனை மட்டும் திறந்து, அதன் மேல் மைக்கா ஷீட்டைப் போட்டு மூடுங்கள். முள் ஏறினால் அந்த ஜோனின் குழாயும் அடி மேசையும் நல்லபடியாக இருக்கின்றன. ஏறவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் வேண்டாம். காற்று உள்ளேதான் போகிறது, குமிழ் வராது. காதை வைத்துக் கேளுங்கள், சீறல் வரும் இடம்தான் ஓட்டை.

அப்புறம் மேலே போடும் எம்.டி.எஃப். பலி பலகை, அதாவது மேசைக்குப் பதில் பிட்டின் வெட்டை வாங்கிக்கொண்டு, தன் வழியே காற்றை விடும் பலகை. அதன் இரண்டு முகத்திலும் கெட்டியான தோல் உண்டு. இரு பக்கமும் அரை மி.மீ. சீவினால்தான் காற்று தாராளமாக வரும். பலர் மேல் பக்கத்தை மட்டும் சீவிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான்கு ஓரத்துக்கும் பெயின்டோ ஃபெவிகாலோ இரண்டு கை அடியுங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் காற்றை உறிஞ்சும். பழைய வெட்டுத் தடங்கள் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால், பிட் 0.2 மி.மீ.க்கு மேல் கீழே இறங்க வேண்டாம், தடம் பெருகினால் மறுபடி சீவுங்கள். காலியாகக் கிடக்கும் இடத்தை மைக்கா துண்டுகளால் மூடுங்கள்.

இவ்வளவு செய்தும் சின்னத் துண்டு பறக்கிறதா? கணக்கைப் பாருங்கள். கேஜ் 400 காட்டினால் சதுர செ.மீ.க்கு சுமார் 0.54 கிலோ அழுத்தம். 60-க்கு 40 செ.மீ. ஷட்டருக்கு (அலமாரிக் கதவு) 1,300 கிலோ வரும். 5-க்கு 10 துண்டுக்கு 27 கிலோதான். அதிலும் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவது உராய்வு மட்டுமே. எந்தப் பம்பும் இதை மாற்றாது. சின்னத் துண்டுகளை ஷீட் முழுதாக இருக்கும்போதே முதலில் வெட்டுங்கள். மேலே இழுக்கும் அப்கட் பிட்டை விட்டுவிட்டு மேல் பாதி கீழாகவும் நுனி மேலாகவும் அழுத்தும் கம்ப்ரஷன் பிட் போடுங்கள். அடியில் 0.4 மி.மீ. தோல் விட்டு வெட்டி, கடைசிச் சுற்றில் மெதுவாக அறுத்தெடுங்கள்.