சப்மரைனர் வாங்குமுன்: வேலூர்ப் பக்கம் கை மாறும் ரோலெக்ஸைச் சோதிக்கும் முறை

காட்பாடியிலோ ஆம்பூரிலோ ஒரு கல்யாண ரிசப்ஷனில் பந்திக்குக் காத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். கறுப்பு டயல், கறுப்பு வளையம், ஸ்டீல் செயின் என்று நாலைந்து சப்மரைனராவது கண்ணில் படும். கடலில் முக்குளிப்பவர்களுக்காக 1953இல் ரோலெக்ஸ் செய்த வாட்ச் அது. இன்று சில நூறு ரூபாய் வாட்ச்கூட அதே முகத்தோடுதான் வருகிறது. இத்தனைக்கும் நடுவே துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்த அசலும் உண்டு. அசலை விற்க வருபவரும் ஃபர்ஸ்ட் காப்பியை விற்க வருபவரும் சொல்வது ஒரே கதை: மச்சான் கொண்டுவந்தது, பணமுடையில் கொடுக்கிறோம். கதையை விடுங்கள், வாட்சைக் கையில் வாங்குங்கள்.

முதலில் மாடல் எண்ணைக் கேளுங்கள். அது தெரியாமல் செய்கிற சோதனை எதுவும் பயன்படாது. தேதி உள்ளதில் 16610 என்பது 1980களின் கடைசியிலிருந்து 2010 வரை வந்தது. அதன் வளையத்தில் இருப்பது அலுமினியத் தகடு. 2010இல் வந்த 116610க்குச் செராமிக் வளையம். 2020இல் வந்த 126610 அளவில் 41 மில்லிமீட்டர், முந்தைய இரண்டும் 40. வெர்னியர் அளவுகோல் இருந்தால் செயின் மாட்டும் இரு காதுகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 40க்கு 20 மில்லிமீட்டர், 41க்கு 21. விற்பவர் சொல்லும் எண்ணும் இந்த அளவும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே எழுந்துவிடலாம்.

அடுத்தது சாவி, அதாவது வாட்சின் பக்கத்தில் திருகும் குமிழ். அதன் மேலுள்ள ரோலெக்ஸ் கிரீடச் சின்னத்துக்குக் கீழே மூன்று புள்ளிகள் இருக்க வேண்டும். திருகைக் கழற்றினால் சாவி கொடுக்கும் நிலை. தேதி உள்ள மாடலில் ஒரு இழுப்புக்குத் தேதி, இரண்டாம் இழுப்புக்கு நேரம். அப்போது நொடி முள் நின்றுவிடும். தேதி இல்லாத 14060, 114060, 124060 மாடல்களில் ஒரே இழுப்புதான். டூப்ளிகேட் செய்பவர்கள் பெரும்பாலும் தேதி இயந்திரத்தையே உள்ளே வைத்துத் தேதியை டயலால் மறைத்துவிடுவார்கள். அதனால், தேதி இல்லாத வாட்சில் நடுவில் ஒரு வெற்று இழுப்பு கையில் தட்டுப்பட்டால் உள்ளே இருப்பது வேறு இயந்திரம். செலவில்லாத சோதனைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தேதிக்கு மேல் இருக்கும் குமிழ்க் கண்ணாடி எண்ணை இரண்டரை மடங்கு பெரிதாக்கும். எண் கட்டத்தை நிறைத்துத் தெரிய வேண்டும். நேரத்தை முன்னோக்கித் திருகி நள்ளிரவைத் தாண்டவிடுங்கள். தேதி மெல்ல ஊர்ந்து போகாமல் சட்டென்று குதிக்க வேண்டும். பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றிய வளையம், இடப்பக்கம் மட்டும் சுற்றும், முழுச் சுற்றுக்கு 120 கிளிக். ஒவ்வொரு கிளிக்கிலும் அது ஆடாமல் நிற்க வேண்டும். நகைக்கடையில் வைரம் பார்க்கும் 10 மடங்கு லென்ஸை வாங்கி டயல் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், மை கசிந்திருக்காது.

எடை, பச்சை வாரன்ட்டி கார்டு, கண்ணாடியின் 6 மணிப் பக்கம் லேசரில் பொறித்த சின்னக் கிரீடம் ஆகியவற்றைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். காப்பி அடிப்பவர்களுக்கும் அது தெரியும். இந்த மூன்றைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள். அதேபோல் பின்மூடி கண்ணாடியாக இருந்து உள்ளே இயந்திரம் தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், அசல் சப்மரைனருக்கு உலோக மூடிதான்.

நல்ல காப்பி மேலே சொன்ன அத்தனையையும் தாண்டிவிடும். மூடியைத் திறந்தால்தான் முடிவு தெரியும். "அண்ணே, எதிரிலேயே திறந்து பார்த்துடலாமா?" என்று கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மூடியைச் சுற்றியிருக்கும் பல்வரிசைக்குப் பொருந்தும் திறப்புக் கருவி உள்ள மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். இரண்டு முனை உள்ள சாதாரணக் கருவி வழுக்கிக் கீறிவிடும். 16610, 116610 இரண்டிலும் இருப்பது 3135 இயந்திரம். அதில் இருபக்கமும் மாறி மாறி ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் மேலுள்ள பாலம் இரு முனையிலும் திருகால் பிடித்திருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு இருக்காது. அதற்குப் பதில் சக்கரத்தின் உள்விளிம்பில் பொன்னிறக் குட்டித் திருகுகள் இருக்கும். மலிவு டூப்ளிகேட்டில் பாலம் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மேலே ஒரு நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும். வாட்சின் துடிப்பை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால், அதில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை 52 டிகிரியில் வைத்துப் பாருங்கள், துடிப்பு மணிக்கு 28,800 வர வேண்டும்.

அசலாகவே இருந்தாலும் பாலிஷைப் பாருங்கள். நகைப் பட்டறையில் கொடுத்துப் பளபளவென்று தேய்த்த சப்மரைனர்கள் இந்தப் பக்கம் நிறைய வருகின்றன. காதுகளின் மேற்புறத்தில் மெல்லிய கோடுகள் ஓட வேண்டும், பக்கவாட்டு மட்டும்தான் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். எல்லாப் பக்கமும் மின்னினால் காது மெலிந்து விளிம்பு உருண்டு போயிருக்கும். இழந்த ஸ்டீல் திரும்பி வராது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வரிசை எண் பழைய 16610இல் 6 மணிப் பக்கக் காதுகளுக்கு நடுவே, செயினைக் கழற்றினால் தெரியும். புதியவற்றில் டயலைச் சுற்றிய உள்விளிம்பில், 6 மணிக்கு நேரே இருக்கும். அது கார்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் சுங்கம் கட்டிய ரசீதைக் கேளுங்கள். இந்தியாவில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் பில் போட்டு வாங்கியதென்றால், 2025 ஏப்ரல் 22க்குப் பிறகு விற்பவர் வசூலிக்கும் டிசிஎஸ் வரியாக 1 சதவீதம் பிடித்து, வாங்கியவரின் வருமான வரிக் கணக்கில் பதிவாகியிருக்கும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதற்குச் சட்டத்தில் தடை உண்டு.

வாங்கிய பிறகு நம்மூர் வெயிலில் வேலை அதிகம். வியர்வையும் தூசும் செயின் இடுக்கில் கறுப்புப் பசையாக இறுகிப் பின்னைத் தின்னும். சாவி திருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரும் மென்மையான பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேயுங்கள். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாக உப்புப் படியும். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் போதும். நின்றுபோனால் சாவியை 25 சுற்று கொடுத்த பிறகு கையில் கட்டுங்கள். சாவியை மூடும்போது முதலில் பின்னோக்கி மெல்லச் சுற்றி, மரை 'டக்'கென்று உட்காருவது விரலில் தெரிந்த பிறகு முன்னோக்கித் திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் சாவி திருகி ஏறும் ட்யூபே போய்விடும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கட்டிக்கொண்டு போகவே கூடாது. 300 மீட்டர் என்று டயலில் இருப்பதை நம்பிக் கோடையில் கிணற்றில் குதிக்குமுன், பழைய வாட்சாக இருந்தால் ரப்பர் வளையங்களை மாற்றிப் பிரஷர் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.