மாம்போவில் ஒன்று எங்கே?

மாம்போ என்ற கியூப நடன இசையைக் கேட்கும்போது, தாளத்தின் முதல் எண்ணான 'ஒன்று' பிடிபடவில்லையா? தாழ்ந்த சுரம் ஒலிக்கும் தந்தி வாத்தியமான பேஸை விட்டுவிட்டு, கையால் அடிக்கும் உயரமான முரசான காங்காவைக் கேளுங்கள். உள்ளங்கை அடிகளுக்கு நடுவே 'தும்-தும்' என்று இரண்டு திறந்த அடிகள் சேர்ந்து வரும். அவை முடிந்ததும் விழுவதுதான் 'ஒன்று'.

நான்கு எண்ணிக்கையில் முதல் 'தும்' நாலில் விழும், அடுத்தது நாலரையில். பேஸோ இரண்டரையிலும் நாலிலும் ஒலித்துவிட்டு, ஒன்றில் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். அதனால்தான் பேஸை நம்பிக் காலை வைப்பவர்கள் ஒரு எண் முன்னாலேயே இறங்கிவிடுகிறார்கள். காங்காவில் 'டப்' என்ற கூர்மையான அறை இரண்டில் வரும். இரண்டில் அடி மாற்றும் நியூயார்க் பாணி ஆட்டத்துக்கு அதுவே போதும். வேகம் மிரட்டினால் 0.75 வேகத்தில் ஓடவிடுங்கள்.

டிட்டோ புவென்ட்டே, மச்சீட்டோ ஆகியோரின் மாம்போ இசைக்குழுப் பதிவுகளில் இது நன்றாகவே பிடிபடும். மாம்போ இசைக்குழுத் தலைவர் பெரெஸ் பிராடோவின் 1950 வாக்கிலான பதிவுகளில் டிரம்பெட் முழக்கம் காங்காவை மூடிவிடுவதுண்டு. அங்கே குச்சியால் தட்டும் மாட்டுமணியின் ஒலியைப் பிடியுங்கள். காங்கா தனி ஆவர்த்தனத்தில் இந்தக் குறிப்பு செல்லாது. இரண்டு நான்குகளைச் சேர்த்து எட்டு எண்ணி ஆடுபவர்களுக்கு, விழுந்தது ஒன்றா, ஐந்தா என்று மட்டும் இந்தக் குறிப்பு சொல்லாது. அதற்குப் பாட்டு வரி தொடங்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும்.