குழந்தையின் பற்களில் எண்ணிக்கை, வடிவ வேறுபாடுகளைக் கண்டறியும் முறை

பல் துலக்கி முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் வாயைத் திறக்கச் செய்து, முன்பற்களின் நடுக்கோட்டில் தொடங்கி வலப்புறமும் இடப்புறமும் தனித்தனியே எண்ணுங்கள். ஏறத்தாழ மூன்று வயதில் ஒவ்வொரு தாடையிலும் பத்தாக மொத்தம் 20 பால்பற்கள் இருக்க வேண்டும்; பெரியவர்களுக்கு ஞானப்பற்கள் நான்கையும் சேர்த்து 32. மொத்தத்தைவிட முக்கியமானது இருபுற ஒப்பீடு. ஒருபுறம் ஒரு நிலைப்பல் (பால்பல்லுக்குப் பின் வரும் நிரந்தரப் பல்) முளைத்து ஆறு மாதம் கடந்தும் மறுபுறம் அதன் இணை வரவில்லையென்றால், காத்திருப்பதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே சரி.

பல் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் மரபணு சார்ந்தது. ஞானப்பற்களுக்கு அடுத்தபடியாக, கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் (கோரைப்பல்லுக்கும் பெரிய கடைவாய்ப்பற்களுக்கும் இடையே உள்ள இரண்டில் பின்னது) மேல்தாடையின் பக்கவாட்டு வெட்டுப்பல்லும்தான் (நடு முன்பல்லுக்கு அடுத்தது) அதிகமாக உருவாகாமல் போகின்றன. ஆகவே, உரிய வயது கடந்தும் ஒரு பால்பல் ஆடாமல் உறுதியாக நின்றால், அதன் அடியில் நிலைப்பல் இருக்கிறதா என்று தெரியாமல் அதைப் பிடுங்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாற்றுப்பல் இல்லாத இடத்தில் அந்தப் பால்பல் பல ஆண்டுகள் பயன்படக்கூடும்.

மிகைப்பல், அதாவது வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக வரும் பல், மேல்தாடையின் நடுவில், இரு முன்பற்களுக்கு இடையேதான் பெரும்பாலும் தோன்றும். அது கூம்பு வடிவில் வெளியே தெரியலாம். எலும்புக்குள்ளேயே புதைந்தும் கிடக்கலாம். பொதுவாக நடுவெட்டுப்பற்கள் முதலில் முளைத்த பிறகே பக்கவாட்டுப் பற்கள் வரும். இந்த வரிசை மாறியிருந்தால், ஏதோ ஒன்று உள்ளிருந்து வழியை மறிக்கிறதா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வழக்கத்தைவிட அகலமான பல்லைக் கண்டால் அதை ஒன்றாகக் கொண்டு எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் இரண்டு பல்முளைகள் (பல் உருவாகும் கருக்கள்) இணைந்திருக்கலாம். சரியாக இருந்தால் ஒரே முளை இரண்டாகப் பிரிய முயன்றிருக்கலாம். ஆனால் ஒரு மிகைப்பல்லோடு இணைந்திருந்தாலும் எண்ணிக்கை சரியாகவே வரும் என்பதால், இந்த எண்ணிக்கையை இறுதி முடிவாகக் கொள்ள வேண்டாம்.

வடிவ மாற்றங்களில் இரண்டைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சொத்தையே இல்லாத பல்லையும் இவை சாகடித்துவிடும். முதலாவது, முன்கடைவாய்ப்பல்லின் கடிக்கும் பரப்பில் நடுவே எழும் சிறு மேடு. அதனுள் பற்கூழ் (பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்திசு) நீண்டிருக்கக்கூடும் என்பதால், எதிர்ப்பல் மோதி அது உடைந்தால் கிருமிகள் நேரே உள்ளே இறங்கி, வேர் முழுமையாக வளர்வதற்கு முன்பே சீழ் கட்டிவிடலாம். முளைத்த உடனேயே மருத்துவர் அதைச் சுற்றி ரெசின் (பல் அடைக்கப் பயன்படும் பிசின்) பூசி வலுப்படுத்தினால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இரண்டாவது, மேல் பக்கவாட்டு வெட்டுப்பல்லின் உட்புறம் எனாமல் உள்மடிந்து உண்டாகும் ஆழமான குழி. தூரிகை எட்டாத அந்தக் குழியைச் சொத்தை பிடிப்பதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும். விரல் நுனியாலும் சிறிய வாய்க்கண்ணாடியாலும் இவ்விரண்டு இடங்களையும் வீட்டிலேயே சோதிக்கலாம்.

முளைக்குச்சி போலக் குறுகிய பக்கவாட்டுப் பல், பார்வைக்கு மட்டுமே குறையாக இருந்தால் பின்னாளில் ரெசினால் உருத் திருத்தலாம், அவசரமில்லை. ஆனால் பல பற்கள் இல்லாமலும், இருப்பவை கூம்பாகவும், முடி அடர்த்தியின்றி வியர்வையும் குறைவாகவும் இருந்தால், புறப்படலக் குறைபாடு (தோல், முடி, பல், வியர்வைச் சுரப்பி ஆகியவை சரியாக உருவாகாத பிறவிக் குறை) உள்ளதா என்று குழந்தை மருத்துவரும் பார்க்க வேண்டும். வியர்க்காத குழந்தைக்கு வெப்பத்தில் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

மருத்துவரிடம் செல்லும்போது, ஒவ்வொரு பல்லும் முளைத்த மாதம், குடும்பத்தில் யாருக்கேனும் பல் இல்லாமை, சிறு வயதில் முன்பல்லில் அடிபட்டது ஆகியவற்றைக் குறித்துச் செல்லுங்கள். பால்பல்லில் பட்ட அடி, மேலே வளரும் நிலைப்பல்லின் வேரையோ, ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியையோ வளைத்திருக்கக்கூடும். இல்லாத பல்லுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்துவதைத் தாடை வளர்ச்சி முடியும்வரை தள்ளிவைப்பார்கள். அதுவரை இடத்தைக் காப்பதா, பற்களை நகர்த்தி மூடுவதா என்பதை எட்டு, ஒன்பது வயதிலேயே பல்சீரமைப்பு நிபுணரோடு பேசத் தொடங்குவது நல்லது.