திங்கட்கிழமையிலும் பரிசுத்த ஜனமாயிருக்க

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் 1 பேதுரு 2:9-ஐ வாசித்து, நாம் ‘பரிசுத்த ஜாதி’, தேவனுக்குச் ‘சொந்தமான ஜனம்’ என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுகிறவருக்கு, அந்த வார்த்தை தன்னை என்ன செய்யச் சொல்லுகிறது என்பது எளிதில் பிடிபடுவதில்லை. சினிமாவுக்குப் போகாதிருப்பதா, நகை அணியாதிருப்பதா, அக்கம்பக்கத்தாரோடு அளவாகப் பழகுவதா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லுவார்கள். எதையாவது செய்யத் தொடங்குமுன் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

பரிசுத்தம் என்பதற்குரிய எபிரெயச் சொல்லான ‘காதோஷ்’, தேவனுக்கென்று வேறுபிரிக்கப்பட்டதைக் குறிக்கிறது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் கூடிய பெண்கள் முகம் பார்த்துவந்த வெண்கலக் கண்ணாடிகளைக் கொண்டுதான் ஆசாரியர்கள் கைகால் கழுவும் தொட்டி செய்யப்பட்டது என்று யாத்திராகமம் 38:8 சொல்லுகிறது. வெண்கலம் அதேதான், உடைமையாளர் மாறிவிட்டார். கொரிந்து சபையாரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்துக்கொண்டும், திருவிருந்தில் ஏழைகளைப் பசியோடு விட்டுவிட்டுத் தாங்கள் சாப்பிட்டுக்கொண்டும் இருந்த நிலையிலேயே, கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று பவுலால் அழைக்கப்பட்டார்கள். எனவே, நல்ல நடத்தையால் அந்தத் தகுதியைச் சம்பாதிக்கலாம் என்று புறப்படாதீர்கள். காலையில் முகம் கழுவும்போது, ‘நான் ஞானஸ்நானம் பெற்றவன், இன்றைய பொழுது எனக்குச் சொந்தமல்ல’ என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு நாளைத் தொடங்குங்கள்.

அடுத்து, லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை ஒரு வாரம் முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்று தொடங்கும் அந்த அதிகாரம், பலிபீடத்தைப்பற்றிச் சொல்வதைவிட வயலையும் தராசையும் கூலியாளையும்பற்றியே அதிகம் சொல்லுகிறது. விளைச்சலின் ஓரங்களை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும், செவிடனை நிந்திக்கலாகாது, குருடன் வழியில் தடைக்கல் வைக்கலாகாது, படியும் எடைக்கல்லும் சரியாயிருக்கவேண்டும், கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உங்களிடம் தங்கக்கூடாது. வீட்டுக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கும்படி நான் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவருக்கு இரண்டு வாரப் பணம், முந்நூற்று நாற்பது ரூபாய், சில்லறை இல்லை என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு ஞாயிறன்று, அவர் கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, அவருடைய வண்டியைத் தாண்டி வேதபாடம் வாசிக்க ஆலயத்துக்கு விரைந்தேன். அன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது இந்த அதிகாரமே. கூலியைப்பற்றிய பதின்மூன்றாம் வசனம் வந்தபோது என் குரல் தானாகவே தணிந்தது. அன்றுமுதல், வீட்டுவேலை செய்கிற அம்மாவின் சம்பளம், இஸ்திரிக் கணக்கு, தண்ணீர் கேன் போடுகிற பையனுக்குரிய பாக்கி ஆகிய மூன்றையும் சனிக்கிழமை இரவே தனித்தனி உறைகளில் போட்டு வைத்துவிடுகிறேன். நீங்களும் இதிலிருந்தே தொடங்கலாம். வயல் இல்லாத நகரத்தில் ‘ஓரம்’ எது என்பதை, சம்பளத்தையும் நேரத்தையும் பார்த்து அவரவரே முடிவுசெய்யவேண்டும்.

மிகக் கடினமான பாடம் இனிமேல்தான். பேதுருவின் நிருபத்திலுள்ள ‘ஜாதி’ என்ற சொல்லுக்கு மூலத்தில் மக்களினம் என்றே பொருள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியமும் ‘தூய மக்களினம்’ என்கிறது. ஆயினும் நம் சபைகளுக்குள் மற்ற ஜாதியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திருச்சபைக்குள் உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடவேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரில் மட்டுமல்ல, இங்கே சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். அந்தக் கதை முடிந்துவிட்டதா என்று பார்க்க ஆவணக்காப்பகத்துக்குப் போகவேண்டியதில்லை. மகனுக்கோ மகளுக்கோ வரன் பார்க்க நீங்கள் எழுதிய விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். ‘இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் தேவை’ என்ற வரிக்குக் கீழே சாதி உட்பிரிவின் பெயரும் இருக்குமானால், எந்த ஜனத்துக்குச் சொந்தம் என்று அந்தத் தாள் சொல்லுகிறது? அந்த வரியை அடித்துவிடுங்கள். உறவினர்கள் கோபிப்பார்கள், வரன்கள் குறையும், அதை மறைத்துப் பயனில்லை. மாடி வீட்டை வாடகைக்கு விடும்போது ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று சுற்றி வளைத்துக் கேட்பதையும் இதோடு நிறுத்திவிடலாம்.

தினசரி ஜெபத்துக்கு நேரமில்லை என்பவர்களுக்கு 15-ஆம் சங்கீதத்தைப் பரிந்துரைக்கிறேன். ஐந்தே வசனங்கள், கிண்டியைவிட்டு ரயில் புறப்பட்டால் சைதாப்பேட்டை வருமுன் வாசித்துவிடலாம். தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவன், பணத்தை வட்டிக்குக் கொடாதவன் என்று அது காட்டும் மனிதனை அலுவலகம் போய்ச் சேரும்வரை மனதில் வைத்திருங்கள்.

நகை அணியாத சபைகளையும் வெள்ளையுடுத்துவோரையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர்களில் பலருடைய எளிமை உண்மையானது. அடுத்தவருடைய கழுத்தைப் பார்த்து அவருடைய விசுவாசத்தை அளக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

கடைசியாக, பக்கத்து வீட்டார். நவராத்திரிச் சுண்டலும் தீபாவளிப் பலகாரமும் வரும்போது என்ன செய்வது என்பது சென்னையில் ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் சந்திக்கும் கேள்வி. விருந்துக்கு அழைத்தால் ஒன்றும் விசாரியாமல் சாப்பிடலாம் என்றும், விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவர் நிமித்தம் தவிர்க்கவேண்டும் என்றும் பவுல் 1 கொரிந்தியர் 10-இல் சொல்லுகிறார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உங்கள் மனச்சாட்சியின்படி செய்யுங்கள். ஆனால், கதவைத் திறக்காதிருப்பதற்கு அங்கே இடமில்லை. தம்முடையவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி இயேசு ஜெபிக்கவில்லை. தீமையினின்று காக்கும்படியே ஜெபித்தார். உண்ண மனமில்லாதவர் அதைப் பணிவாகச் சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லி ஒரு காப்பி கொடுக்கலாம்.

பிரதான ஆசாரியனின் நெற்றிப்பட்டத்தில் வெட்டப்பட்டிருந்த ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்ற எழுத்து ஒருநாள் குதிரைகளின் மணிகளிலும் இருக்கும் என்றும், எருசலேமிலுள்ள எல்லாப் பானைகளும் பரிசுத்தமாயிருக்கும் என்றும் சகரியா எழுதினார். பலகாரம் வந்த எவர்சில்வர் டப்பாவும் பானைதானே. அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கமல்ல. கழுவித் துடைத்து, அடுப்பங்கரையில் கண்ணில் படும் இடத்தில் வைத்திருந்து, கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திராமல், வீட்டில் அடுத்து எது நன்றாகச் செய்கிறீர்களோ அதைப் போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.