வேக சாதனைக்கு ஸ்லெட்ஜ் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

புதிதாக வேக ஸ்லெட்ஜ் (பனிச்சரிவில் சறுக்கி இறங்கும் வண்டி) செய்யக் கிளம்பும் குழுக்கள் வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டால், நான் முதலில் பார்ப்பது வண்டியின் பின்பக்கத்தை. பெரும்பாலும் அங்கே எதுவுமே இருக்காது. உழைப்பெல்லாம் மூக்கில் போயிருக்கும். ஒரு காலத்தில் நாங்கள் வரைந்ததும் இப்படித்தான் இருந்தது. ஹெல்மெட், போல்ட் இறுக்கம் போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; விட்டுவிடுகிறேன்.

சரிவை முடிவு செய்யாமல் வண்டியை வரைவது

2014இல் ஆண்டோராவின் கிராண்ட்வலிரா பனிச்சறுக்கு மலையில் பைக் பந்தய வீரர் கை மார்ட்டின் எஞ்சின் இல்லாத ஸ்லெட்ஜில் மணிக்கு 134 கிலோமீட்டர் போனார். பிரான்சின் வார்ஸ் சரிவில் 2023இல் வேக ஸ்கீ வீரர் சைமன் பில்லி வெறும் ஸ்கீ பலகைகளில் 255 கிலோமீட்டரைத் தொட்டார். வார்ஸின் செங்குத்து அப்படி. சரிவு எதுவென்று தெரியாமல் போடும் கணக்கு எதற்கும் உதவாது.

எடையைக் குறைப்பது

வேண்டாம். இழுப்பது புவியீர்ப்பு, தடுப்பது பெரும்பாலும் காற்று. உருவம் மாறாமல் எடை 44 சதவீதம் கூடினால் உச்ச வேகம் 20 சதவீதம் கூடும். விதி அனுமதிக்கும் எடையை வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காற்றின் மையம் எடை மையத்துக்கு முன்னால் இருப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு குழு காலை முழுக்க 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தது. வண்டி கோடு போட்டதுபோல் நேராகப் போனது. மதியம் சரிவின் உச்சியிலிருந்து இறங்கினார்கள். நூறை நெருங்கும்போது வால் லேசாக இடப்பக்கம் விலகியது. ஓட்டுநர் திருத்துவதற்குள் வண்டி குறுக்காகத் திரும்பி உருண்டது. அவருக்குத் தோள் மூட்டு நழுவியது, கார்பன் ஃபைபர் மேலுறை பிளந்தது. பழி, பனியில் இருந்த சின்ன மேட்டின் மேல் விழுந்தது. அப்புறம் அதே அச்சில் புது மேலுறை வார்த்தார்கள்!

மேடு ஒரு சாக்குதான். வண்டி சற்றே கோணலாகும்போது காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் மையம், அதாவது காற்றின் மையம், எடை மையத்துக்கு முன்னால் விழுந்தால் கோணல் இன்னும் பெரிதாகும். பின்னால் விழுந்தால் வண்டி தானாக நேராகும். அம்பின் வாலில் இறகு கட்டுவது இதற்காகத்தான்.

மெதுவாக ஓட்டும் சோதனையில் இது தெரியவே தெரியாது. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 50இல் இருந்ததுபோல் நான்கு மடங்கு 100இல் இருக்கும். பலகைகள் பனியைப் பிடிக்கும் பிடி அப்படி ஏறாது. மேட்டில் எகிறினாலோ, மேலுறைக்கு அடியில் காற்று புகுந்து தூக்கினாலோ அந்தப் பிடியும் குறையும். ஒரு வேகம் வரை பனி ஜெயிக்கும், அதற்குமேல் காற்று ஜெயிக்கும்.

ஆள் படுத்த நிலையில் வண்டியின் பக்கத்தோற்றத்தை அட்டையில் வெட்டி, அது எங்கே சமநிலையாக நிற்கிறது என்று பார்ப்பவர்கள் உண்டு. தொடக்கத்துக்குச் சரி, ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். துடுப்பு (வாலில் நிற்கும் தகடு) இல்லாத நீண்ட, வழுவழுப்பான உடலில், சிறு கோணலின்போது தள்ளலின் மையம் அட்டை காட்டுவதைவிட வெகுவாக முன்னால், மூக்குப் பக்கம் போய்விடும். வாலில் செங்குத்துத் துடுப்பு வையுங்கள். அது கூட்டும் தடை கொஞ்சம்தான். எடை மையம் முன்னால் போக, ஆள் படுக்கும் இடத்தை ஒரு சாண் முன்னால் தள்ளுங்கள். கூடுதல் எடையையும் அங்கேயே கட்டுங்கள். இதற்கெல்லாம் செலவே இல்லை, அதனால்தான் எரிச்சல்.

பாப்ஸ்லெட்டின் எஃகுச் சட்டத்தைப் பனியில் போடுவது

பனிக்கட்டிப் பாதையில் ஓடும் பந்தய வண்டியான பாப்ஸ்லெட்டின் மெல்லிய எஃகுச் சட்டம் இறுகிய பனிக்கட்டிக்கானது. பனியில் அது புதைந்து உழும். ஸ்கீயைப் போல அகலமான பாலிஎத்திலீன் அடிப்பரப்பு வேண்டும். உராய்வின் சூட்டில் உருகும் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் அது வழுக்குகிறது. கடுங்குளிரில் படலம் போதாது. ஈரப் பனியில் நீர் அதிகமாகி அடியை உறிஞ்சிப் பிடிக்கும். அதனால் அடிப்பரப்பில் குளிருக்கு நுண்ணிய வரிகள், ஈரத்துக்கு ஆழமான வரிகள், அன்றைய பனியின் வெப்பநிலைக்கேற்ற மெழுகு. முந்தின நாள் மெழுகோடு மலை ஏறாதீர்கள்.

பிரேக்கைக் கடைசியில் யோசிப்பது

மணிக்கு 134 கிலோமீட்டரிலிருந்து, புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு வேகத்தணிப்போடு சமதளத்தில் நிற்கவே சுமார் 235 மீட்டர் வேண்டும். வேகம் 20 சதவீதம் கூடினால் அந்தத் தூரம் 44 சதவீதம் கூடும். சரிவின் அடியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று போய் அளந்துவிட்டு, அப்புறம் மூக்கை வரையுங்கள்.